கோதிக் திகில் அனிமேஷன் தொடரை எடைபோட்டு எழுதுவது எப்படி: ‘காசில்வேனியா’வை முன்வைத்து

சேலம் அம்மாப்பேட்டையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் மாடி அறையில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒரு படத்தையோ தொடரையோ சேர்ந்து பார்ப்பது, தட்டுவடை செட் தின்றபடி அதைப் பற்றிச் சண்டையிடுவது, பிறகு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றுக்கு விடுவது வழக்கம். ‘காசில்வேனியா’ என்ற அனிமேஷன் தொடரை முழுவதுமாகப் பார்த்து முடித்தபின் வந்த கட்டுரைகளை ஒருநாள் அடுக்கி வைத்துப் படித்தேன். என்னுடையதையும் சேர்த்து அத்தனையும் ஒரே கட்டுரையாக இருந்தன: சண்டைக் காட்சிகள் பிரமாதம், இடையில் கொஞ்சம் இழுவை, டிராகுலா பாத்திரம் அருமை, மொத்தத்தில் பார்க்கலாம். இந்தத் தீர்ப்பில் தவறு என்று எதுவுமில்லை. ஆனால் எந்தக் காட்சி எதனால் இழுவையாயிற்று, டிராகுலா ஏன் மனத்தில் நிற்கிறான் என்று கேட்டால் ஒருவரிடமும் விடை இல்லை. ஆகவே எல்லோரும் மறுபடி எழுதினோம். அப்போது கைக்கு வந்த வழிமுறைகளைப் புதிதாக எழுத வருபவர்களுக்காக இங்கே தொகுக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் முடிச்சுகள் பலவும் இங்கே அவிழ்கின்றன. மேலும், இத்தொடர் கார்ட்டூன் போலத் தோன்றினாலும் குழந்தைகளுக்கானது அன்று. குடலும் குருதியும் வசைச்சொல்லும் படுக்கையறைக் காட்சியும் தாராளமாக வருகின்றன. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள்.

பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு தொடரின் பிறப்பைத் தெரிந்துகொண்டால், அதன் குறைகளில் பாதி எங்கிருந்து வந்தன என்பது தானாக விளங்கும். ‘காசில்வேனியா’ நெட்ஃபிளிக்ஸில் 2017 ஜூலையில் நான்கே எபிசோடுகளோடு தொடங்கியது. 2018இல் எட்டு, 2020இல் பத்து, 2021 மே மாதத்தில் இறுதியாகப் பத்து என மொத்தம் 32 எபிசோடுகளில் முடிந்தது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986 முதல் வெளியிட்டுவந்த வீடியோ கேம் வரிசையில், 1989இல் வந்த மூன்றாவது ஆட்டமே இக்கதைக்கு மூலம். திரைக்கதை எழுதியவர் வாரன் எல்லிஸ் என்னும் ஆங்கிலேய காமிக்ஸ் எழுத்தாளர். இயக்கியவர் சாம் டீட்ஸ். உருவாக்கியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் உள்ள பவர்ஹவுஸ் அனிமேஷன் நிறுவனம்.

முதல் சீசன், மூன்று திரைப்படங்களாக எடுக்கத் திட்டமிட்டுப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு திரைக்கதையின் முதற்பகுதியிலிருந்து வந்தது. இது தெரியாதவர், மூன்று நாயகர்களும் ஒன்றுசேர்ந்த நொடியிலேயே சீசன் முடிந்துவிடுவதைப் பார்த்து, தயாரிப்பாளர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று எழுதுவார். தெரிந்தவர், பந்தி போட்டு இலை விரித்து உப்பு வைத்ததோடு எழுப்பிவிட்ட விருந்து அது என்று எழுதலாம். எழுதிவிட்டு, அந்த உப்பு எவ்வளவு தரமானது என்பதையும் சொல்லலாம். விமர்சிக்கப்போகும் தொடர் எதுவானாலும், மூலம் எது, எத்தனை எபிசோடு, யார் எழுதினார் என்ற மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அச்சம் யாரிடமிருந்து வருகிறது?

திகில் தொடரை எடைபோட முதலில் எடுக்க வேண்டிய அளவுகோல் அச்சம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பயமாக இருந்ததா, இல்லையா’ என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இரத்தம் தெறித்தால் சிரிக்கிறார், கிணற்றைக் காட்டினால் நடுங்குகிறார். அதைவிடப் பயன்படும் கேள்வி, அச்சம் யாரிடமிருந்து வருகிறது என்பது. இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு (பேய், தெய்வம் முதலியன), விலங்கு, கள்வர், இறை என நான்கு என்கிறது. இறை என்ற சொல்லுக்கு உரையெழுதிய பேராசிரியர், தந்தையரையும் ஆசிரியரையும் அரசரையும் குறிப்பிடுகிறார். நோட்டில் ஒரு பக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு அச்சக் காட்சியும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள்.

முதல் சீசனில் இதைச் செய்து பார்த்தபோது எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. 1455இல் லிசா என்ற பெண், கழுவேற்றப்பட்ட எலும்புக்கூடுகள் நிற்கும் வெளியைத் தனியாகக் கடந்துவந்து, கையிலிருந்த கத்தியின் பிடியால் டிராகுலாவின் கோட்டைக் கதவைத் தட்டுகிறாள். அவள் வந்தது மருத்துவம் படிக்க. அந்தக் காட்சியில் அணங்குக்குரிய எல்லா அலங்காரமும் இருக்கின்றன: இருட்டு, வாயிலில் பிணங்கள், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரத்தக்காட்டேரி. ஆனாலும் பயம் வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1475இல், அவளது வீட்டில் இருந்த சோதனைக் குடுவைகளையே சாட்சியாக வைத்து, சூனியக்காரி என்று ஓர் ஆயர் அவளை உயிரோடு எரிக்கிறாரே, அந்த இடத்தில்தான் வயிறு கலங்குகிறது. அந்தக் காட்சியில் பேயும் இல்லை, மிருகமும் இல்லை. அதிகாரம் மட்டுமே இருக்கிறது. டிராகுலா ஓராண்டு கெடு வைத்து, அதன்பின் நரகத்திலிருந்து படை திரட்டி ஊர் ஊராக அழிக்கத் தொடங்கிய பிறகும், கிரெசிட் நகரத்து மக்கள் அஞ்சி நடுங்குவது இரவில் வரும் மிருகங்களுக்கு. நாம் அஞ்சுவது, அந்த மக்களைத் தூண்டி, வரலாற்றை வாய்மொழியாகச் சுமந்து திரியும் ஒரு நாடோடிக் கூட்டத்தின் மேல் ஏவிவிடும் அதே ஆயருக்கு. நான்கு எபிசோடுகளில் எங்கள் ‘இறை’ கட்டம் நிறைந்து வழிந்தது. ‘விலங்கு’ கட்டத்தில் வெறும் எண்ணிக்கைதான் கூடியது.

இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோடில் இந்தக் கணக்கு இன்னும் ஆழமாகிறது. மூன்று நாயகர்களும் டிராகுலாவை எதிர்க்கும் இறுதிச் சண்டை அது. அவர்களில் டிரெவர் பெல்மான்ட் அரக்கவேட்டைக் குடும்பத்தின் கடைசி வாரிசு, சைஃபா மந்திரம் தெரிந்தவள், அலுகார்ட் டிராகுலாவின் சொந்த மகன். சண்டை சுவர்களை உடைத்துக்கொண்டு அறை அறையாக நகர்ந்து, கடைசியில் அலுகார்ட் சிறுவனாக இருந்த அறைக்குள் போய் விழுகிறது. சின்னக் கட்டில், பொம்மைகள், சுவரில் படம். டிராகுலா அப்படியே நின்றுவிடுகிறான். இது உன் அறை, நானும் உன் அம்மாவும் சேர்ந்து வண்ணம் பூசிய அறை, இந்தப் பொம்மைகளை நாங்களே செய்தோம், இப்போது என் பையனை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்ற பொருளில் மெல்லப் பேசுகிறான். மகன் கட்டிலின் காலை உடைத்து எடுக்கிறான். தந்தை தடுப்பதில்லை. ஏழு எபிசோடுகளாக அணங்கு என்ற கட்டத்தில் குறித்துவந்த ஒருவன், இந்த இரண்டு நிமிடத்தில் தந்தை என்னும் பொருளில் இறை என்ற கட்டத்துக்கு மாறிவிடுகிறான். அலுகார்டைப் பொறுத்தவரை அவன் எப்போதும் அந்தக் கட்டத்தில்தான் இருந்திருக்கிறான் என்பது நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. ‘டிராகுலா பாத்திரம் அருமை’ என்று முதலில் எழுதியவர்கள், இதைக் கண்டபின் அந்த வரியை அடித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினார்கள்.

மூன்றாம் சீசனில் லிண்டன்ஃபெல்ட் என்ற ஊர். அங்கே மடாலயத்தின் அடியில் நரகத்துக்கு வாசல் திறக்கிறார்கள். படம் முழுக்கத் தீயும் கோரைப்பல்லும். அதெல்லாம் முடிந்து தூசி அடங்கியபின், ஊரின் ஒழுங்கைக் காத்துவந்த நீதிபதியின் வீட்டில் ஒரு மறைவறை திறக்கிறது. உள்ளே குழந்தைகளின் காலணிகள், வரிசை வரிசையாக. தனக்கு அடங்காத பிள்ளைகளை ஆப்பிள் பறிக்க அனுப்பி, மரத்தடிப் பொறியில் விழவைத்துக் கொன்றவன் அவன். இறையாக வந்தவன் கள்வனாக முடிகிறான். அந்தச் செருப்புகளைப் பார்த்தபோது எங்கள் அறையில் யாரும் பேசவில்லை. நரக வாசல் திறந்தபோது பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதே நான்கு கட்டத்தை நான்காம் சீசனுக்குப் போட்டால் பலவீனம் கண்ணில் படும். கடைசி எதிரியாகச் சாவு என்ற உருவமே, இன்னொருவன் வேடத்தில் ஒளிந்திருந்து வெளிப்படுகிறது. பேருருவம், எலும்பு, இடிமுழக்கம், ஓயாத கூச்சல். ஆனால் அது யாருக்கும் தந்தையில்லை, யாருக்கும் அரசனில்லை. எந்தப் பாத்திரத்தோடும் அதற்குப் பழைய கணக்கு இல்லை. அணங்கு என்ற ஒற்றைக் கட்டத்தில் முழு எடையையும் வைத்துவிட்டார்கள். ஆகவே சண்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தச் சின்னக் கட்டிலுக்கு ஈடாகவில்லை.

ஒலியை அணைத்து ஒரு முறை, கண்ணை மூடி ஒரு முறை

இந்த முறையை நாங்கள் கண்டுபிடித்தது அறிவால் அன்று, மறதியால். கோடையில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டாம் சீசனை மறுபடி பார்ப்பதாகத் திட்டம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து மேலே போய்ப் பையைத் திறந்தபோது ஸ்பீக்கர் இல்லை. சேலம் பேருந்து நிலையத்தின் பெஞ்சிலேயே அது தங்கிவிட்டது. பொறுப்பாளர் நான்தான். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழைக்கு முன்னால் லேப்டாப்பின் ஒலி கொசுவின் ரீங்காரம் போலக்கூடக் கேட்கவில்லை. வேறு வழியின்றி, புரொஜெக்டரில் படத்தை மட்டும் ஓட்டினோம்.

ஏழாவது எபிசோடின் சண்டை ஒரு சொல்லும் கேட்காமலேயே முழுமையாகப் புரிந்தது. டிரெவர் பெல்மான்டின் சாட்டை வளைந்து போகும் பாதை, சைஃபா பனிப்பாளங்களை எழுப்பித் தன் நண்பர்களுக்குக் கால் வைக்க இடம் செய்யும் விதம், அலுகார்டின் வாள் கையை விட்டுப் பறந்து போய்த் திரும்பும் வேகம் என ஒவ்வொருவரும் தத்தம் குணத்துக்கு ஏற்பவே சண்டையிடுகிறார்கள். யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் ஒரு கணமும் குழப்பம் வராதபடி காட்சிகளை அடுக்கியிருக்கிறார்கள். நடிகர்களை வைத்து எடுக்கும் படங்கள் பலவற்றில், சண்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணைக் கட்டிவிடுகிறார்களே, அந்தக் கோளாறு இங்கே அறவே இல்லை. இது அனிமேஷனுக்கே உரிய பலம்.

பிறகு, அதே மழையில், அதே சீசனின் முந்தைய எபிசோடுகளில் வரும் போர்க்குழுக் கூட்டங்களைப் போட்டோம். டிராகுலாவின் தளபதிகள் கூடி நின்று, எந்த ஊரைத் தாக்குவது என்று விவாதிக்கும் காட்சிகள். ஒலியின்றி அவற்றில் வாய் மட்டும் திறந்து மூடுகிறது. உடம்பு அசைவதில்லை, கண் அசைவதில்லை, மேலங்கி மட்டும் எப்போதாவது ஆடுகிறது. கால் மணி நேரம் பார்த்தும் ஒன்றும் புரியாமல் பஜ்ஜி தின்னத் தொடங்கிவிட்டோம்.

இதற்கான காரணம் தொழிலில் இருக்கிறது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அனிமேஷனில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப் படம் வரைவது அரிது. ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டோ எட்டோ படங்களில் வேலையை முடிப்பார்கள். பேச்சுக் காட்சியில் அதுகூட வேண்டாம். முகத்தை அப்படியே வைத்து வாயை மட்டும் மாற்றினால் போதும். தொலைக்காட்சி அளவிலான பணத்துக்கும் நாளுக்கும் வரம்பு உண்டு. அங்கே மிச்சம்பிடித்ததைக் கொண்டுபோய்ச் சண்டையில் கொட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘பேச்சுக் காட்சிகளில் அனிமேஷன் மோசம்’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை. மிச்சம்பிடித்த இடத்தில் வசனம் அந்தப் பள்ளத்தை நிரப்பியதா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் கண்ணை மூடிக்கொள்வது. சப்டைட்டில் படித்துப் பழகியவர்களுக்கு இது சிரமம். ஆங்கிலம் பாதி புரிந்தாலும் பரவாயில்லை, குரலைக் கேளுங்கள். டிராகுலாவுக்குக் குரல் கொடுத்த கிரகாம் மெக்டேவிஷ், உலகை அழிக்கக் கிளம்பிய ஒருவனை, பல நாள் தூங்காத மனிதனின் சோர்வோடு பேசவைக்கிறார். தளபதிகள் கத்துகிறார்கள், அவன் கணப்பின் முன் நாற்காலியில் சரிந்து கிடந்து, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிறான். போரில் அவனுக்கு நாட்டமே இல்லை என்பதைக் குரலே சொல்லிவிடுகிறது. படத்தில் அசையாமல் நிற்பது கூட, இந்தப் பாத்திரத்துக்கு மட்டும், துயரத்தின் கனமாக மாறிவிடுகிறது. அதே உத்தி, டிராகுலாவின் தளபதிகளில் ஒருத்தியாக இருந்த கார்மில்லாவின் தோழிகள் வரைபடத்தைச் சுற்றி நின்று பேசும் மூன்றாம் சீசனில் பலிக்கவில்லை. அவர்கள் துயரத்தில் இல்லை, திட்டத்தில் இருக்கிறார்கள். திட்டம் போடுபவர்கள் சிலையாக நின்றால் பார்ப்பவருக்குக் கொட்டாவிதான் வருகிறது.

மூன்றாம் சீசனில் கண்ணை மூடிக் கேட்க வேண்டிய இன்னொரு காட்சி உண்டு. டிராகுலாவின் பணியாளனாக இருந்த ஐசக், பிணத்திலிருந்து தான் உருவாக்கிய ஓர் இரவு மிருகத்தோடு பேசுகிறான். அது ஈயின் கண்கள் கொண்ட கோர உருவம். முற்பிறவியில் நீ யார் என்று கேட்கிறான். ஏதென்ஸில் தத்துவம் பேசித் திரிந்தவன், அதற்காகவே துரத்தப்பட்டவன் என்று அது தயங்கித் தயங்கி நினைவுகூர்கிறது. இரண்டு குரல்கள், ஒரு தீ மூட்டம், அவ்வளவுதான். விலங்கு என்ற கட்டத்தில் போட்டு வைத்த ஒன்றுக்கு மனித வரலாறு முளைக்கும் இந்தச் சில நிமிடங்களை, இத்தொடரின் மிகச் சிறந்த எழுத்து என்றே நான் மதிப்பேன். அடியும் இடியும் விரும்பிப் பார்த்த நண்பர்கள் இதை ஓட்டிவிட்டுப் போனார்கள் என்பதும் உண்மை.

இசையைப் பற்றி ஒரு வரி போதும்: டிரெவர் மோரிஸின் இசை பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது, 1987இல் வந்த இரண்டாவது ஆட்டத்தின் புகழ்பெற்ற மெட்டு அந்த ஏழாவது எபிசோடில் எழும்போது, ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார்கள்.

கட்டடத்தைப் பாருங்கள்

நம்மூர்ப் பேய் புளியமரத்தில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது, உச்சிவெயிலில் ஆற்றங்கரையில் இருக்கிறது. மீசையை முறுக்கிக்கொண்டு கையில் வாளோடு ஊர் எல்லையில் முனியப்பன் உட்கார்ந்திருப்பதே, அதை வெளியே நிறுத்துவதற்காகத்தான். கோதிக் கதையில் பேய் வீட்டின் நடுவில் இருக்கிறது. முன்னோர் செய்த பாவம் சுவருக்குள் தங்கி, பிள்ளைகளின் தலையில் இறங்கும். ஆகவே ஏற்காட்டு மூடுபனியும் கல் பங்களாவும் இருந்துவிட்டால் கோதிக் ஆகிவிடாது. அந்த வீட்டுக்கு ஒரு பழைய கணக்கு வேண்டும். காட்சியை அங்கங்கே நிறுத்தி, ஆள் இல்லாத பின்னணியை மட்டும் பாருங்கள். ‘காசில்வேனியா’வின் கோட்டைக்குள் மின்விளக்கு எரிகிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, பெரும் பற்சக்கரங்கள் சுழன்று கோட்டையையே ஊர் விட்டு ஊர் நகர்த்துகின்றன. இருள் வெளியே, மனிதர்களின் ஊரில் இருக்கிறது. வழக்கமான கோதிக் அமைப்பைப் புரட்டிப் போட்ட இந்த ஒரு முடிவு, லிசா ஏன் அங்கே படிக்க வந்தாள் என்பதற்கும் அவளை ஏன் எரித்தார்கள் என்பதற்கும் ஒரே விடையாகிறது.

வரலாற்றுப் பிழை தேடுபவர்களுக்கும் தீனி உண்டு. கதை நடக்கும் 15ஆம் நூற்றாண்டு வலாக்கியா (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி) கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்த நாடு. தொடரில் வரும் திருச்சபையோ மேற்கு ஐரோப்பாவின் சூனிய வேட்டைக்காரர்களைப் போல நடந்துகொள்கிறது. கிரெசிட் என்ற ஊர்ப்பெயரைப் போன்ற ருமேனியச் சொல்லுக்குத் ‘தவறானது’ என்று பொருள். இவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பாவும் ஊடையும்

நீண்ட தொடரில் பல கதைகள் இணையாக ஓடும்போது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிறம் கொடுத்து, எபிசோடு வாரியாகக் கோடு இழுத்துப் பாருங்கள். மூன்றாம் சீசனில் நான்கு கோடுகள் வந்தன: லிண்டன்ஃபெல்டில் டிரெவரும் சைஃபாவும், கோட்டையில் தனியாக இருந்த அலுகார்டும் அவனிடம் பாடம் கேட்க வந்த சுமி, டாக்கா என்ற இருவரும், பழிவாங்கப் புறப்பட்ட ஐசக், கார்மில்லாவின் ஊரான ஸ்டிரியாவில் கைதியாக, ஐசக்கைப் போலவே டிராகுலாவிடம் பணியாற்றிய ஹெக்டர். பத்து எபிசோடிலும் இந்த நான்கு கோடுகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர், அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பாவெல்லாம் நல்லாத்தான் ஓட்டியிருக்காங்க தம்பி, ஊடைதான் விழவே இல்ல” என்றார். பா என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், ஊடை அதைக் குறுக்கே கோக்கும் நூல். அதைவிடச் சுருக்கமாக அந்த சீசனின் குறையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது எபிசோடில் நான்கையும் வெட்டி வெட்டிக் காட்டி, ஊடை இருப்பது போல் ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறார்கள். ஒரு பக்கம் போர், மறுபக்கம் படுக்கையறை, இரண்டிலும் துரோகம். வெட்டின் வேகத்தில் பார்க்கும்போது அசத்துகிறது. மறுநாள் யோசித்தால், ஹெக்டருக்கும் அலுகார்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வகைத் துரோகம் நேர்வது கதையின் தேவையா, கத்தரியின் தேவையா என்ற கேள்வி எழுகிறது. அலுகார்டின் பகுதிக்காவது ஒரு விளைவு உண்டு: தன்னைக் கொல்ல முயன்ற சுமி, டாக்கா இருவரின் உடல்களையும் அவன் கோட்டை வாசலில் கழுவேற்றி நிறுத்துகிறான். முதல் எபிசோடில் லிசா கடந்துவந்த அந்த எலும்புக்கூடுகளை நினைவு வைத்திருப்பவருக்கு, தந்தையின் வாசல் மகனின் வாசலாக மாறிவிட்டது தெரியும். ஹெக்டரோ வந்தவர் போனவரிடமெல்லாம் ஏமாந்தபடியே இருக்கிறான். அவன் பெயருக்கு நேரே என் நோட்டில் ‘வினைச்சொல் இல்லாத பாத்திரம்’ என்று இருக்கிறது.

எழுத உட்காரும்போது

குறைகளை எண்ணிக் கழிக்காதீர்கள், எடை போடுங்கள். வசைச்சொல் அதிகம் என்பது ஒரு குறைதான். டிரெவர் அறிமுகமாகும் சாராயக்கடைக் காட்சியில் ஆட்டைப் பற்றிய கொச்சைப் பேச்சு அவனது வீழ்ச்சியைக் காட்டப் பயன்படுகிறது, ஆகவே பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் போகப் போக இரத்தக்காட்டேரியும் மாயாவியும் கப்பல்காரனும் ஒரே தொனியில் நக்கலடித்து வசைபாடத் தொடங்கும்போது, எழுத்தாளரின் குரல் பாத்திரங்களின் குரலை விழுங்கிவிடுகிறது. முன்னது காதுக்குப் பிடிக்காத குறை, பின்னது படைப்பை அரிக்கும் குறை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் வாசகருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு காட்சியைச் சாட்சியாக நிறுத்துங்கள். ‘கதை இழுவை’ என்று எழுதினால், இரண்டாம் சீசனில் நாயகர்கள் மூவரும் பெல்மான்ட் குடும்பத்தின் நிலத்தடி நூலகத்தில் எத்தனை எபிசோடுகளாகப் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். ‘நகைச்சுவை இருக்கிறது’ என்று எழுதினால், முதல் சீசனில் செத்த ஆயரின் பிணத்தையே எழுப்பி, அவன் கையால் ஓர் ஆற்றை மந்திரிக்கச் செய்து, அந்தப் புனித நீரால் இரத்தக்காட்டேரிகளை அழிக்கும் கார்மில்லாவின் குரூரமான குறும்பைச் சொல்லுங்கள்.

உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரின் கருத்தையும் அவருடைய சொல்லிலேயே பதிவுசெய்யுங்கள். நான்காம் சீசனின் முடிவில் டிராகுலாவும் லிசாவும் உயிரோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் ஒன்று இழவு. இந்தத் தொடரின் மொத்தக் கட்டடமும் அந்த ஒன்றின் மேல் நிற்கிறது. போனது திரும்பி வந்துவிட்டால் அந்தச் சின்ன அறையில் நடந்ததற்குப் பொருள் என்ன என்பது என் வாதம். அறையில் இருந்த அக்கா ஒருவர், “செத்தவங்க திரும்பி வந்துட்டா, நாம அழுதது பொய்யாயிடுமா தம்பி? அந்த மனுசன் மகனப் பாக்க வராம ஒதுங்கிப் போறான் பாரு, அதுல இல்லாத தண்டனையா?” என்று கேட்டார். என் கட்டுரையில் என் வாதமே இருக்கிறது. அதற்குக் கீழே அவருடைய கேள்வியும் அப்படியே இருக்கிறது. இன்றுவரை பதில் எழுதவில்லை.

நட்சத்திரம், பத்துக்கு ஏழரை போன்ற மதிப்பெண்கள் வேண்டாம். ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசிவரை எழுதுங்கள். கதை முடிவை உடைக்கும் பத்தியை, உடைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உடையுங்கள்.

பயிற்சிக்கு, இதே உலகில் தொடரும் ‘காசில்வேனியா: நாக்டர்ன்’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். கிளைவ் பிராட்லி உருவாக்கி 2023இல் வெளிவந்தது. 2025 ஜனவரியில் இரண்டாம் சீசன் வந்தது. ஒவ்வொன்றிலும் எட்டு எபிசோடுகள். கதை 1783இல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் கண்ணெதிரே அவன் தாய் கொல்லப்படுவதில் தொடங்கி, 1792ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சிக்கு நடுவில் வந்து நிற்கிறது. நிலப்பிரபுக்களே இரத்தக்காட்டேரிகள், அடிமைத்தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒரு பெண் அவர்களை எதிர்க்கிறாள், மடத்துத் தலைவர் ஒருவர் இயந்திரத்தை வைத்து இரவு மிருகங்களைச் செய்கிறார், அவருக்கு ஊரறியாத ஒரு மகள் இருக்கிறாள். நான்கு கட்டங்களை வரைந்துகொண்டு முதல் மூன்று எபிசோடுகளைப் பாருங்கள். அந்த மடத்துத் தலைவரின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கள் மாடி அறையில் இரண்டு மாதமாக வழக்கு நடக்கிறது. வரும் சனிக்கிழமை மூன்றாவது அமர்வு. ஸ்பீக்கரை இம்முறை வேறொருவர் எடுத்து வருகிறார்.